கடல் கிறுகி வந்தது

சாய்ந்தமருதில் கடற்கரையை அடுத்த ஒரு பாடசாலை. பத்தாம் தரம். பகல் பதினொரு மணி. மின்விசிறி இருந்தது, சுற்றவில்லை. டீச்சர் பாரி மகளிர் பாட்டை வாசித்துப் பொருள் சொல்லி முடித்திருந்தார். புறநானூற்றில் 112ஆம் பாட்டு, ஐந்தே அடி. போன முழுநிலவுக்கு இருந்த தகப்பனும் மலையும் இந்த முழுநிலவுக்கு இல்லை என்று இரண்டு பெண்பிள்ளைகள் சொல்கிறார்கள். அவ்வளவுதான் பாட்டு.

"விளங்கிச்சா?" என்றார் டீச்சர். விளங்கியது என்று வகுப்பே வழக்கம்போல இழுத்தது. கடைசி வாங்கில் இருந்த ஒரு பிள்ளை மட்டும் எழும்பி நின்றது.

"டீச்சர், கடல் வந்த அண்டைக்கும் போயாதானே?"

வகுப்பு அப்படியே அடங்கிப் போனது. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை. போயா நாள்தான். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். இலங்கையில் வேறெந்த மாவட்டமும் அவ்வளவு பேரைக் கொடுக்கவில்லை. அந்த வகுப்பில் இருந்த ஒருவர்கூட அன்றைக்குப் பிறந்திருக்கவில்லை. ஆனால் அன்றைக்கு முழுநிலவு என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. "எங்கட மூத்தம்மா ஒவ்வொரு போயாவுக்கும் அதச் சொல்லுவா" என்று விளக்கமும் சொல்லிவிட்டு அது உட்கார்ந்தது.

ஈராயிரம் ஆண்டுப் பழைய பாட்டு அந்த ஒரு கேள்வியில் சாய்ந்தமருதுக்கு வந்து சேர்ந்துவிட்டது. டீச்சர் கெட்டிக்காரி. புத்தகத்தை மூடிவைத்து, "வீட்டுல பெரியாக்கள் சொன்னத, அவங்க சொன்ன மாதிரியே எழுதிட்டு வாங்க" என்றார். கடல், பிரச்சினைக் காலம், எதுவானாலும் சரி.

அடுத்த வாரம் அந்தக் கொப்பிகளைப் பார்க்கப் போனேன். கடைசி வாங்குப் பிள்ளையின் கொப்பியில் ஒரு வரி: "மறுகா கடல் கிறுகி வந்திச்சி." மறுகா என்பதன் கீழும் கிறுகி என்பதன் கீழும் சிவப்புக் கோடு. பக்கத்தில் திருத்தம்: "பின்னர் கடல் மீண்டும் வந்தது."

இந்தக் கட்டுரை அந்தச் சிவப்புக் கோட்டைப் பற்றியது.

போரும் இழப்பும் பற்றி மண்ணின் கவிதைகளைப் பள்ளியில் எப்படிப் படிப்பிக்கிறார்கள் என்று எழுதித் தாருங்கள் என்றுதான் ஆசிரியர் பீடம் என்னை அனுப்பியது. உருக்கமாக வரும், அட்டைப்படம் போடலாம் என்று நினைத்திருப்பார்கள். நானும் அந்த எண்ணத்தில்தான் பஸ் ஏறினேன். கொப்பியைப் பார்த்தபிறகு என் புத்தி வேறு பக்கம் போய்விட்டது.

"கிறுகி" என்ற சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். கிழக்கில் ஒருவன் நடந்து போகிறான், பின்னால் யாரோ கூப்பிடுகிறார்கள், அவன் உடம்போடு சேர்த்து முகத்தைத் திருப்புகிறான். அதுதான் கிறுகிப் பார்ப்பது. அன்றைக்குக் கடல் பின்வாங்கியது. கரையில் நின்றவர்கள் துள்ளும் மீனைப் பொறுக்கப் போனார்கள். போன கடல் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தது. மூத்தம்மாவின் ஒரு சொல்லுக்குள் அந்தப் போக்கு, நிற்பு, வரவு மூன்றும் இருக்கின்றன. "மீண்டும் வந்தது" என்றால் நேற்று வந்த பஸ் இன்றும் வந்தது என்பதுபோல இருக்கிறது. டீச்சரிடம் இதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "எனக்கு விளங்காமலா? ஓ.எல். பேப்பர்ல இப்பிடி எழுதினா புள்ளி வெட்டுவாங்க. அந்தப் புள்ளிய நீங்களா தரப்போறீங்க?" என்றார். நியாயமான கேள்விதான். பதில் என்னிடம் இல்லை.

வட்டைக்குப் போனவர்

இந்தக் கரையில் "கவி" என்றால் கவிதைக்கான பொதுச்சொல் அல்ல. அது ஒரு பாட்டு. நாலே அடி, நீட்டி இழுக்கும் ஒரு மெட்டு. பரணில் இருந்து வயல் காத்தவன் பாடினான், மாட்டு வண்டிக்காரன் பாடினான், பாய் இழைத்த பெண்கள் பாடினார்கள். தமிழ் ஊரிலும் முஸ்லிம் ஊரிலும் ஒரே மெட்டு, ஒரே "மச்சான்". வி.சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964இல் வந்தபோதே இந்த நாட்டுக் கவிகள் அச்சில் மதிப்புப் பெற்றன. நிந்தவூர் எஸ். முத்துமீரான் கிராமத்து முஸ்லிம்களின் பாடல்களை ஆயுள் முழுக்கத் தேடிச் சேர்த்தார். சாய்ந்தமருதுக் கவிஞர் அனார் 2013இல் 'பொடுபொடுத்த மழைத்தூத்தல்' என்ற பெயரில் கிழக்கிலங்கை நாட்டார் பாடல்களின் தொகுப்பு ஒன்றைத் தந்தார். ஒரு கவியைக்கூட இங்கே எடுத்து எழுதப்போவதில்லை. தாளில் வைத்தால் அது பாதி செத்துவிடும். ஊர்ப்பக்கம் போனால் யாராவது பாடக் கேளுங்கள்.

கவியில் போர் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. எல்லாம் காதல் பாட்டுத்தானே, மச்சான் வயலுக்குப் போனான், மச்சி கடப்படியில் நின்றாள் என்பதுதானே என்பார்கள். அவர்களுக்கு "வட்டை" என்ற சொல்லைத்தான் காட்ட வேண்டும்.

வட்டை என்பது பெருவயல் வெளி. கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுக் குடிகளுக்கு ஊர் கடலோரம் இருக்கிறது. நெல் விளைவது மேற்கே, தொலைவில். விதைப்புக்கும் காவலுக்கும் சூடடிப்புக்கும் ஆண்கள் போய் வாடியில் நாள்கணக்கில் கிடப்பார்கள். வீட்டில் பெண் காத்திருப்பாள். கவிகளில் பாதி அந்தக் காத்திருப்பில் பிறந்தவை. போர் வந்தபிறகு வட்டைக்குப் போன ஆண்கள் பலர் திரும்பவில்லை. சிலரின் மையித்து வந்தது. சிலரின் சாரம்கூட வரவில்லை. பாட்டில் ஒரு எழுத்தும் மாறவில்லை. மச்சான் வட்டைக்குப் போனான், மச்சி கடப்படியில் நிற்கிறாள். இப்போது அதே கவியைக் கேட்டால் அடிவயிற்றில் என்னவோ செய்கிறது.

இந்தப் பக்கத்தில் அதைப் போர்க்கவி என்று யாரும் பெயரிடவில்லை. ஆனால் வகுப்பில் படிப்பிக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. ஒரு பாட்டை 1960இல் ஒரு பெண் எப்படிக் கேட்டிருப்பாள், 1990இல் அவளுடைய மகள் எப்படிக் கேட்டிருப்பாள் என்று பத்தாம் தரத்துப் பிள்ளைகளைக் கேளுங்கள். நயம் எழுதுவது என்றால் என்ன என்று அவர்களுக்கு அரை மணி நேரத்தில் பிடிபடும். ஆனால் வட்டை என்ற சொல்லை "வயல்" என்று திருத்திவிட்டீர்களானால் அந்தப் பாடமே நடக்காது. வயல் வீட்டுக்குப் பின்னாலும் இருக்கலாம். போய்த் திரும்பி வர வேண்டிய தூரம் வட்டையில்தான் இருக்கிறது.

எட்டாவது எது?

அச்சில் வந்த கவிதைக்கும் இந்தக் கரையில் பஞ்சமில்லை. பெரிய நீலாவணையின் நீலாவணன் காலத்திலிருந்தே இது கவிஞர்கள் நெருக்கியடித்து வாழும் கரை. சோலைக்கிளி கல்முனைக்காரர். 1988இல் வந்த அவருடைய தொகுப்பின் பெயர் 'எட்டாவது நரகம்'. நரகத்துக்கு ஏழு வாசல் என்பது குர்ஆன் மத்ரஸாவில் குந்தி ஓதிய எந்தப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியானால் எட்டாவது எது? கவிதையைத் திறக்கவே வேண்டாம், தலைப்பை மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டு உட்கார்ந்தால் போதும். 1988இல் இந்தக் கரையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பிள்ளைகள் வீட்டில் போய்க் கேட்டுக்கொண்டு வருவார்கள். அவருடைய இன்னொரு தொகுப்பு 'என்ன செப்பங்கா நீ'. தலைப்பே ஊர்ப் பேச்சு. அதற்கும் யாராவது சிவப்புக் கோடு போட்டிருப்பார்களோ என்னவோ.

அனாரின் 'மேலும் சில இரத்தக் குறிப்புகள்' மாதவிலக்கின் இரத்தத்தையும் போரின் இரத்தத்தையும் ஒரே கவிதையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. தமிழில் போர் பற்றி எழுதப்பட்ட மிகத் துணிந்த கவிதைகளில் ஒன்று. பெண்கள் மட்டும் படிக்கும் வகுப்பில்கூட அதை வாய்விட்டு வாசிக்க நம் டீச்சர்மாருக்குத் தைரியம் வர இன்னும் நாள் ஆகும் என்று நினைக்கிறேன். அக்கரைப்பற்று மஜீதின் 'புலி பாய்ந்தபோது இரவுகள் கோடையில் அலைந்தன', ஏ.பி.எம். இத்ரீஸ் தொகுத்த 'மீஸான் கட்டைகளில் மீள எழும் பாடல்கள்' என்று பட்டியல் நீளும். மையவாடியில் கபுறின் தலைமாட்டில் நடும் கட்டைதான் மீஸான். பெயர் எழுதாத மீஸான்களும் உண்டு. அந்தத் தொகுப்புக்கு அதைவிட நல்ல பெயர் கிடைத்திருக்காது.

பழைய புண்ணைக் கிளறாதீர்கள், பிள்ளைகள் நிம்மதியாகப் படிக்கட்டும் என்று சொல்லும் அதிபர்களும் பெற்றோரும் இருக்கிறார்கள். அவர்கள் கவலையும் அன்பில் வருவதுதான். ஆனால் புண்ணை மறைத்து வைக்கும் வசதி இந்தப் பிள்ளைகளுக்கு ஏது? ஈஸ்டர் ஞாயிறுத் தாக்குதல்களை அடுத்து, 2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் குண்டு வெடித்த சத்தம் அவர்கள் காதாலேயே கேட்டது. அங்கே சிறு குழந்தைகள் உட்பட குறைந்தது 15 பேர் செத்தார்கள். நான் பார்த்த கொப்பிகளில் ஒரு பையன் அதைப் பற்றி எழுதத் தொடங்கியிருந்தான். மூன்று வரி. மூன்றையும் அவனே, நீலப் பேனையால், எழுத்துத் தெரியாமல் அடித்துவிட்டிருந்தான். கீழே கிரிக்கெட் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தான்.

மற்றவன் பாட்டு

1990 ஆகஸ்டு 3, காத்தான்குடிப் பள்ளிவாசல்கள். ஆகஸ்டு 11 இரவு, ஏறாவூர். ஆகஸ்டு 12, வீரமுனைப் பிள்ளையார் கோவில். மூன்று படுகொலைகள், பத்து நாள் கணக்கு. முதல் இரண்டும் முஸ்லிம் பிள்ளைகளுக்குத் தெரியும். மூன்றாவது தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லும் வகுப்பறை ஒன்றையும் நான் இந்தப் பயணத்தில் பார்க்கவில்லை. கல்முனைப் பிரதான வீதியில் தமிழ்ப் பாடசாலை விட்டு வரும் வெள்ளைச் சீருடையும் முஸ்லிம் பாடசாலை விட்டு வரும் வெள்ளைச் சீருடையும் ஒரே கடையில் ஐஸ்பழம் வாங்குகின்றன. பாட்டு மட்டும் தனித்தனி.

இத்தனைக்கும் இந்த ஊர்தான் வேறு வழியும் காட்டியது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. அந்த எரிப்பைப் பற்றித் தமிழில் அதிகம் பேசப்பட்ட கவிதை 'புத்தரின் படுகொலை'. எழுதிய எம்.ஏ. நுஃமான் 1944இல் கல்முனைக்குடியில் பிறந்தவர். அதே 1981இல் அவர் மொழிபெயர்த்த 'பலஸ்தீனக் கவிதைகள்' கல்முனையிலிருந்து புத்தகமாக வந்தது. மஹ்மூத் தர்வீஷ் என்ற பெயரை ஈழத்துக் கவிதை வாசகர் பலர் கல்முனை வழியாகத்தான் தெரிந்துகொண்டார்கள். யாழ்ப்பாணத்தின் சாம்பலும் பலஸ்தீனத்தின் சாம்பலும் இந்தக் கடலோர ஊரில் ஒரே மேசையில் தமிழாகின. பிறகு பத்து ஆண்டுகளுக்குள் அந்த மேசைக்கு என்ன ஆனது என்பதை மேலே சொன்ன மூன்று நாட்களே சொல்லும்.

அடுத்தவன் இழப்புக் கவிதையைப் படிப்பிப்பது லேசான காரியம் என்று நான் சொல்லவில்லை. 2000ஆம் ஆண்டில் இஸ்ரேலின் கல்வி அமைச்சர், அதே தர்வீஷின் கவிதைகளைப் பள்ளிப் பிள்ளைகள் விரும்பினால் படிக்கலாம் என்று பாடத்திட்டத்தில் சேர்க்க முன்வந்தார். சண்டை நாடாளுமன்றம்வரை போனது. நாடு இன்னும் அதற்குத் தயாராகவில்லை என்று பிரதமர் கையை விரித்தார். சில பக்கக் கவிதைக்கு ஒரு அரசாங்கமே ஆடியது. அங்கே மொழியும் வேறு, மொழிபெயர்த்துத்தான் கொடுக்க வேண்டும். நமக்கு அந்தத் தொல்லையும் இல்லை. வீரமுனைக் கிழவியும் மருதமுனை மூத்தம்மாவும் ஒரே மெட்டில் அழத் தெரிந்தவர்கள். இரண்டு பேருக்கும் "மறுகா" ஒரே மறுகாதான்.

பார்த்தீர்களா, திரும்பவும் சொல்லுக்கே வந்துவிட்டேன். என்னை அரிக்கும் கவலை அதுதான். போர் முடிந்து, 2009 மே மாதத்திலிருந்து பார்த்தால், ஒரு தலைமுறையே ஓ.எல். எழுதும் வயதுக்கு வந்துவிட்டது. நடந்ததைக் கண்ணால் கண்டவர்கள் கிழடாகிவிட்டார்கள். அவர்கள் கண்டதைச் சொல்வது இந்தப் பேச்சில். பேரப்பிள்ளைகள் படித்து எழுதுவது வேறொரு தமிழில். தொலைக்காட்சித் தமிழ் ஒரு பக்கம், டியூஷன் நோட்ஸ் தமிழ் இன்னொரு பக்கம். "மழைத்தூத்தல்" என்று எழுதினால் "தூறல்" என்று திருத்துகிறோம். அந்தச் சொல்லைத் தலைப்பிலேயே வைத்த புத்தகம் சென்னையில் அச்சாகி வாசகர் கைக்குப் போய்விட்டது, அது பிறந்த ஊரின் வகுப்பறையில் மட்டும் அது பிழை. சாட்சியின் மொழியைத் திருத்திவிட்டுச் சாட்சியத்தை மட்டும் எப்படி வைத்துக்கொள்வது? பொதுத்தமிழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பரீட்சைக்கும் கந்தோருக்கும் அது வேண்டும். கட்டுரைக்குப் பொதுத்தமிழ், கவிக்கு ஊர்த்தமிழ் என்று பிள்ளைக்கு இரண்டு கொப்பி கொடுத்தால் என்ன குடி முழுகிப் போகும்?

மருதமுனையில் ஒரு வளவு

திரும்பும் வழியில் மருதமுனையில் இறங்கினேன். கைத்தறி ஊர். ஒழுங்கைக்குள் நடந்தால் இன்றும் சில வீடுகளில் தறிச்சத்தம் கேட்கும். எண்பதைத் தாண்டிய ஒரு மூத்தம்மா. கவி பாடுவார் என்று சொல்லி அவருடைய பேத்தி கூட்டிப்போனாள். பெயரைப் போட வேண்டாம் என்றார்கள், போடவில்லை.

"கவியா? அதெல்லாம் கூடாதாம், மனே. பாவமாம்" என்றார் முதலில். மருமகன் முன் மண்டபத்தில் இருந்தார். அஸருக்கு வாங்கு சொன்னதும் அவர் பள்ளிக்குப் புறப்பட்டுப் போனார். மூத்தம்மா எட்டிப் பார்த்துவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைச் செருமினார். பாடினார். காதல் கவிதான். வட்டைக்குப் போன ஒருவனைப் பற்றியது. மூன்றாவது அடியில் மூச்சு முட்டியது. நிறுத்திவிட்டு, "எங்கட காக்காவும் வட்டைக்குப் போனவரு" என்றார். இறந்துபோனவர் என்று சொல்லவில்லை. முப்பத்தைந்து வருடமாகப் போனவர் போனவராகவே இருக்கிறார். மறுகா நாலாவது அடியைப் பாடி முடித்தார்.

பேத்தி ஏ.எல். படிக்கிறாள். போனில் பதிவு செய்துகொண்டிருந்தாள். பாட்டு முடிந்ததும், மூத்தம்மா பேசியதை எழுத்தாக்கித் தரும்படி போனிடமே கேட்டாள். அது விறுவிறு என்று எழுதியது. மூத்தம்மாவின் "மறுகா" எல்லாம் "மருகா" என்று விழுந்திருந்தது. முருகனைக் கூப்பிடுகிறாராம்! மூத்தம்மாவிடம் சொன்னபோது பல்லில்லாத வாயால் விழுந்து விழுந்து சிரித்தார். "கிறுகி" வந்த இடத்தில் போன் அடியில் சிவப்பாக ஒரு கோடு போட்டிருந்தது. டீச்சர் போட்ட அதே கோடு.

பேத்தி அந்தக் கோட்டைத் தட்டினாள். அது மூன்று திருத்தம் காட்டியது. ஒன்றையும் எடுக்காமல் அவள் தன் கையாலேயே மறுகாவை மறுகா என்று எழுதினாள்.

கல்முனைக் கரையில் தமிழ் படிப்பிக்கும் டீச்சர்மாருக்கும் சேர்மாருக்கும் ஒரு வேண்டுகோள். பாடத்திட்டம் உங்கள் கையில் இல்லை, புள்ளித்திட்டமும் இல்லை. பேனை மட்டும் உங்கள் கையில்தான் இருக்கிறது. அடுத்த முறை ஒரு கொப்பியில் "மறுகா கடல் கிறுகி வந்திச்சி" என்று கண்டால் கோடு கீறாதீர்கள். பேனையை மூடிவைத்துவிட்டு அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டுக் கேளுங்கள்: "மறுகா என்ன நடந்திச்சி, புள்ள?"